வாய் ஒன்று, வழி இரண்டு



ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடு நடக்கிறது. மூன்று வயதுப் பையன் சோறு சாப்பிடுகிறான். அவன் அக்கா ஏதோ வேடிக்கை சொல்கிறாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பையன் சிரிக்கிறான். உடனே புரையேறிவிடுகிறது. விடாமல் இருமுகிறான். கண்ணில் நீர் முட்டுகிறது. பாட்டி அவன் உச்சந்தலையில் தட்டுகிறார். "யாரோ உன்னை நினைக்கிறாங்கடா" என்கிறார்.

நாலைந்து இருமலில் சரியாகிவிட்டது. பையன் மறுபடியும் சாப்பிட உட்கார்ந்தான்.

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் புரை ஏன் ஏறுகிறது? யாராவது நினைத்தால்தான் ஏறுமா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், நம் உடம்பில் நடக்கும் இரண்டு பெரிய வேலைகள் புரிந்துவிடும். ஒன்று, சாப்பாடு செரிக்கும் வேலை. இன்னொன்று, மூச்சுவிடும் வேலை.

இவற்றைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளை அதிகமாகப் பறித்துச் செல்லும் தொற்று நோய்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று வயிற்றுப்போக்கு. அது சாப்பாட்டு வழியில் வரும் நோய். மற்றது நிமோனியா. அது மூச்சு வழியில் வரும் நோய். வழி தெரிந்தால் காவல் காக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

தொண்டையில் ஒரு கேட்

வாய் ஒன்றுதான். ஆனால் தொண்டைக்குள் வழி இரண்டாகப் பிரிகிறது. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். அது நுரையீரலுக்குப் போகிறது. அதன் பின்னால் இருப்பது உணவுக்குழாய். அது இரைப்பைக்குப் போகிறது.

கழுத்தின் முன்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வளையம் வளையமாகக் கெட்டியாகத் தெரியும். அதுதான் மூச்சுக்குழாய். காற்று எப்போதும் போய்வர வேண்டும். அதனால் குழாய் அமுங்கிவிடாமல் குருத்தெலும்பு வளையங்கள் அதைத் தாங்குகின்றன. உணவுக்குழாய் அப்படியில்லை. அது மெத்தென்று இருக்கும். உணவு வரும்போதுதான் விரியும்.

இரண்டு வழியும் தொண்டையில் சந்திக்கின்றன. சாலையும் தண்டவாளமும் சந்திக்கும் இடத்தில் ரயில்வே கேட் இருக்கும் அல்லவா? அதுபோல இங்கேயும் ஒரு கேட் உண்டு. அதன் பெயர் குரல்வளை மூடி. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும். மூடி அதன்மேல் சாயும். மூச்சு வழி அடைபடும். உணவு பின்வழியில் இறங்கும். உடனே கேட் திறந்துகொள்ளும்.

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். எச்சிலை விழுங்குங்கள். விழுங்கும் அதே நொடியில் மூச்சை இழுக்கப் பாருங்கள். முடியாது. காரணம், கேட் மூடியிருக்கிறது.

சிரிக்கும்போதும் பேசும்போதும் காற்றுக்காகக் கேட் திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு பருக்கை வழி மாறி மூச்சுப் பக்கம் போய்விடலாம். உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளாது. இருமித் தள்ளும். இதுதான் புரையேறுதல். பாட்டியின் அன்பு உண்மை. ஆனால் புரையேறக் காரணம் யாரும் நினைத்தது அல்ல. வழி மாறிப் போன சோற்றுப் பருக்கைதான்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

பருக்கை என்றால் இருமலோடு வந்துவிடும். வேர்க்கடலை, புளியங்கொட்டை, நாணயம், பொத்தான் போன்றவை அப்படியில்லை. மூச்சு வழியையே அடைத்துவிடும். மூன்று நான்கு வயது வரை பிள்ளைகள் கையில் இவை கிடைக்கக் கூடாது.

பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமல்தான் முதல் மருந்து. தண்ணீர் கொடுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது. அது இன்னும் உள்ளே போய்விடும்.

பிள்ளைக்கு இருமல் வரவில்லை, அழ முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனிய வையுங்கள். முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னால் நின்று இரு கைகளாலும் கட்டிக்கொள்ளுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முட்டியாக மடக்கி வையுங்கள். மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை இவற்றை மாறி மாறிச் செய்யுங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்துங்கள். தலை தாழ்ந்திருக்க வேண்டும். முதுகில் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி, மார்பெலும்பின் மேல் 5 முறை அழுத்துங்கள். இதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். பிள்ளை நினைவிழந்து மூச்சு நின்றுபோனால் உடனே தரையில் கிடத்துங்கள். 108-இல் பேசுகிறவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

தலையில் தட்டினால் அடைப்பு நீங்காது. தட்ட வேண்டிய இடம் முதுகு.

சாப்பாடு போகும் வழி

இப்போது ஒரு கவளம் சோற்றின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. சோற்றை நீண்ட நேரம் மென்றால் இனிக்கும். எச்சிலில் இருக்கும் பொருள், சோற்றின் மாவை ஒருவகைச் சர்க்கரையாக மாற்றுவதே அதற்குக் காரணம். மென்ற கவளம் உணவுக்குழாயில் இறங்குகிறது. அந்தக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அது சுருங்கிச் சுருங்கிக் கவளத்தைக் கீழே தள்ளும்.

அடுத்தது இரைப்பை. அது ஒரு தோல்பை போன்றது. உணவைப் பிசைந்து கூழாக்குகிறது. அங்கே கடும் அமிலம் சுரக்கிறது. உணவோடு வந்த கிருமிகளில் பலவற்றை அந்த அமிலம் கொல்கிறது. எல்லாவற்றையும் கொல்வதில்லை.

கூழ் அங்கிருந்து சிறுகுடலுக்குப் போகிறது. பெயர்தான் சிறுகுடல். நீளம் சுமார் 6 மீட்டர், அதாவது 20 அடி. அகலத்தில் சிறியது என்பதால் அந்தப் பெயர். கல்லீரலில் இருந்து பித்தநீரும் கணையத்தில் இருந்து கணையநீரும் இங்கே வந்து சேர்கின்றன. பித்தநீர் எண்ணெய், நெய் போன்ற கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. கணையநீர் மாவு, பருப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் உடைக்கிறது.

சிறுகுடலின் உட்சுவர் துருக்கித் துண்டு போல இருக்கும். நுண்ணிய இழைகள் நிறைந்திருக்கும். அந்த இழைகள்தான் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அது சுமார் 1.5 மீட்டர் நீளம். அங்கே மிச்சமுள்ள நீர் உறிஞ்சப்படுகிறது. சக்கை மலமாக வெளியேறுகிறது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே சுமார் 7 லிட்டர் சுரந்து குடலில் ஊற்றுகிறது. மொத்தம் 9 லிட்டர். ஆனால் மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளர் நீருக்கும் குறைவு. மற்ற எல்லா நீரையும் குடல் திருப்பி உறிஞ்சி இரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது.

கெட்ட தண்ணீரோடு கிருமி உள்ளே போனால் இந்தக் கணக்கு தவறிவிடும். குடல் நீரை உறிஞ்சாமல் கொட்டத் தொடங்கும். அதுதான் வயிற்றுப்போக்கு. பிள்ளையின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது கிருமி நேரடியாக அல்ல. உடம்பிலிருந்து நீரும் உப்பும் வற்றிப்போவதுதான்.

பன்காவ் முகாமில் நடந்தது

இது 1971-இல் நடந்த சம்பவம். அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டது. அதுதான் இன்றைய வங்காளதேசம். சுமார் ஒரு கோடி மக்கள் உயிருக்குப் பயந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் எல்லையோரம் பன்காவ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அகதிகள் முகாமில் காலரா பரவியது.

அங்கே வேலை செய்தவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீரும் நிலைக்கு வந்தன. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அவர் ஒரு முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகிய மூன்றையும் அளந்து பொட்டலமாகக் கட்டச் சொன்னார். தண்ணீரில் கரைத்துக் குழாய் வைத்த டிரம்களில் நிரப்பினார்கள். நோயாளியின் தாயோ அண்ணனோ மனைவியோ டம்ளரில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊசியில்லை. படித்த நர்சும் தேவைப்படவில்லை.

அதற்கு முன்பு முகாமில் காலரா கண்ட 100 பேரில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு இறந்தவர்கள் 100-க்கு 4 பேரைவிடக் குறைவு. பிறகு அந்த முறை உலகம் முழுவதும் பரவியது. டாக்டர் மகலனாபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வெறும் தண்ணீர் செய்யாததை இந்தக் கரைசல் எப்படிச் செய்தது? குடல் சுவரில் ஒருவகை வாசல் இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். இரண்டும் உள்ளே போகும்போது நீரும் கூடவே போகும். காலராவிலும் அந்த வாசல் கெடுவதில்லை. இதுதான் ரகசியம்.

இன்று அதே வகைக் கரைசல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் பொட்டலமாகக் கிடைக்கிறது. அங்கன்வாடியிலும் ஆஷா ஊழியரிடமும் அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலம் உண்டு. 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலமும் உண்டு. அளவு மாறினால் ஆபத்து. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும். தண்ணீர் கூடினால் பயன் குறைந்துவிடும். முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். காய்ச்சி ஆறிய நீர் நல்லது. 24 மணி நேரத்துக்குமேல் அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். சுத்தமான நீர் 1 லிட்டர். சர்க்கரை 6 தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. தேக்கரண்டி தலை தட்டி அளந்ததாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும், 2 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கொடுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சோற்றையும் நிறுத்தக் கூடாது. "பேதியாகுது, வயித்தைக் காயப்போடு" என்பது பழைய தவறு. கூடவே 14 நாள் ஜிங்க் மாத்திரை தருவார்கள். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு, கிள்ளிய தோல் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

மூச்சு போகும் வழி

இனி முன்வழியில் போவோம். மூக்கு ஒரு காவல்காரன். அதன் முடியும் சளியும் தூசியைப் பிடித்துக்கொள்கின்றன. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகின்றன. அதனால்தான் மூக்கால் மூச்சுவிட வேண்டும் என்கிறார்கள்.

மூச்சுக்குழாய் மார்புக்குள் இரண்டாகப் பிரிந்து இரண்டு நுரையீரலுக்கும் போகிறது. அங்கே தலைகீழாக நிற்கும் மரம் போலக் கிளை கிளையாகப் பிரிகிறது. கிளையின் நுனியில் திராட்சைக் கொத்து போல நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவை சுமார் 30 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர். அதாவது ஒன்றே முக்கால் சென்ட் நிலம்! அவ்வளவு பரப்பு நம் மார்புக்குள் மடிந்து கிடக்கிறது.

நுரையீரல் தானாக விரியாது. அதன் அடியில் உதரவிதானம் என்ற தசைத் தட்டு இருக்கிறது. அது கீழே இறங்கினால் மார்பு அகலும், காற்று உள்ளே வரும். மேலே ஏறினால் காற்று வெளியேறும். கொல்லன் பட்டறைத் துருத்தி வேலை செய்வது போலத்தான்.

காற்றறையின் சுவர் மிக மெல்லியது. அதன் வழியே பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது. கரியமிலவாயு இரத்தத்தை விட்டு வெளியே வருகிறது.

இரண்டு வழியும் எங்கே போய்ச் சேருகின்றன என்பது இப்போது தெரிகிறதா? சத்தும் பிராணவாயுவும் இரத்தத்தில்தான் சேருகின்றன. அடுப்பு எரிய விறகும் வேண்டும், காற்றும் வேண்டும். உடம்புக்குச் சோறுதான் விறகு. பிராணவாயுதான் காற்று. தொண்டையில் பிரிந்த இரண்டும் இரத்தத்தில் கூடிப்போய் உடம்பெங்கும் சூட்டையும் வலுவையும் தருகின்றன. சோறு இல்லாமல் பல நாள் தாங்கலாம். மூச்சு இல்லாமல் சில நிமிடங்கள்தான்.

ஒரு நிமிடக் கணக்கு

கிருமி நுரையீரலுக்குள் போனால் காற்றறைகளில் நீரும் சீழும் கட்டும். காற்றுக்கு இடம் குறையும். அதுதான் நிமோனியா. ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு போதாததால் பிள்ளை வேகமாக மூச்சுவிடும். இந்த வேகத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு கடிகாரமும் எண்ணத் தெரிந்த ஒருவரும் போதும்.

இருமலும் சளியும் உள்ள பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்குமேல்,
2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்குமேல்,
ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்குமேல்

இருந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் இன்னும் ஆபத்து. பால் குடிக்க முடியாவிட்டாலும், வலிப்பு வந்தாலும், உதடு நீலமானாலும் உடனே போக வேண்டும். நிமோனியாவுக்குச் சூடு போடுவதும் மந்திரிப்பதும் மருந்தல்ல. பொழுது வீணாகும். அந்தப் பொழுதுதான் பிள்ளையின் உயிர்.

அடுப்புப் புகையும் இதற்கு ஒரு காரணம். புகையில் உள்ள நுண்துகள் மூக்கின் காவலையும் தாண்டிக் காற்றறை வரை போகிறது. புகை சூழ்ந்த வீட்டில் பிள்ளைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. விறகடுப்பு எரியும் நேரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்க வேண்டாம். புகை வெளியேற வழி செய்யுங்கள். பிள்ளை இருக்கும் வீட்டில் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். சமைக்கும் பெண்ணுக்கும் நுரையீரல் உண்டு. அதையும் வீட்டார் நினைக்க வேண்டும்.

இரண்டு வழிக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. வயிற்றுப்போக்கைத் தடுக்க ரோட்டா வைரஸ் மருந்து வாயில் தருகிறார்கள். அதை 6, 10, 14-ஆம் வாரங்களில் கொடுக்க வேண்டும். நிமோனியாவைத் தடுக்க நியூமோகாக்கல் ஊசி போடுகிறார்கள். அது 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும். இரண்டும் இந்தியாவில் அரசு தடுப்பூசித் திட்டத்தில் இலவசம். அட்டையில் தேதி எழுதியிருப்பார்கள். அதைப் படித்து, அந்த நாளில் போங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! இந்த வகுப்பில் கற்றது என்ன? எழுத்தும் எண்ணும். பொட்டலத்தில் "1 லிட்டர்" என்று படிப்பது எழுத்து. ஒரு நிமிடத்தில் 50 மூச்சு என்று எண்ணுவது எண். 1971-இல் பன்காவில் உயிர் காத்த கைகளில் பல, டம்ளர் பிடித்த உறவினர்களின் கைகள்தான். அந்தக் கை இந்த வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை செய்யுங்கள். தூங்கும் பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் உள்ளதை வீட்டாருக்குப் படித்துக் காட்டி, எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். அடுத்த வகுப்பில் நோட்டைக் கொண்டுவாருங்கள். எல்லோரும் எழுதியதைச் சேர்த்துப் பார்ப்போம்.